குருசேடர் கிங்ஸ் 3: 1066-இன் இத்தாலியை வட்டாரம் வட்டாரமாக மாடில் கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

960-ஆம் ஆண்டு மார்ச் மாதம், தெற்கு இத்தாலியில் காப்புவா ஊரில் ஒரு நில வழக்கு விசாரணைக்கு வந்தது. மோன்தே காஸீனோ மடத்தின் தலைவர் அலிகெர்னோ ஒரு பக்கம், அக்வீனோவைச் சேர்ந்த ரொதெல்க்ரீமோ இன்னொரு பக்கம். நீதிபதியின் பெயர் அரெகீசி. ஏடு முழுக்க லத்தீன். ஆனால் சாட்சிகள் சொன்ன ஒரு வரி மட்டும் அவர்கள் வாயில் வந்தபடியே பதிவாகியிருக்கிறது. "சாவோ கோ கெல்லே தெர்ரே" என்று அது தொடங்குகிறது. அந்த நிலங்கள் எனக்குத் தெரியும், இந்த எல்லைகளுக்குள் முப்பது ஆண்டு புனித பெனடிக்ட் தரப்புதான் அவற்றை அனுபவித்து வந்தது என்பது அதன் பொருள். இத்தாலியப் பேச்சுமொழிக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது முதல் வரிசையில் நிற்பது.

இப்போது அந்த நீதிமன்றத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீதிபதியின் பெயரும் வழக்காடியவரின் பெயரும் ஜெர்மானிய வழி லங்கோபார்டுப் பெயர்கள் (லங்கோபார்டுகள் இத்தாலிக்குள் வந்து ஆண்ட ஜெர்மானிய மக்கள்). அந்தச் சீமையில் நடந்த சட்டம் லங்கோபார்டுச் சட்டம். எழுதிய மொழி லத்தீன். பேசிய மொழி உள்ளூர்ப் பேச்சு. ஒரே அறைக்குள் நான்கு அடுக்கு. இடைக்கால வம்சங்களை நடத்தும் கணினி ஆட்டமான குருசேடர் கிங்ஸ் 3-இலோ ஒரு பாத்திரத்துக்கு ஒரு கல்ச்சர், ஒரு கவுண்டிக்கு (வரைபடத்தின் ஒரு சிறு நிலப்பகுதிக்கு) ஒரு கல்ச்சர், அவ்வளவுதான். இத்தனை அடுக்கை அந்த ஒற்றைப் பெட்டிக்குள் எப்படி வைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. (ஆட்டத்துக்குள் இருக்கும் பொருளைக் 'கல்ச்சர்' என்றும், நிஜ வாழ்க்கையில் இருந்ததைப் 'பண்பாடு' என்றும் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றல்ல என்பது போகப்போகத் தெரியும்.)

அடிப்படை ஆட்டம் வடக்குக்கு சிசால்பைன், நடுவே இத்தாலியன் என்று அகலமான தூரிகையில் வண்ணம் அடித்திருக்கும். முழு ஐரோப்பாவுக்கும் ஆட்டம் செய்பவர்கள் அப்படித்தான் செய்ய முடியும். இத்தாலிக்காக மட்டும் மாட் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் கோப்புத் தொகுப்பு) செய்கிற நாம் இன்னும் கிட்டத்தில் போகலாம்.

முதல் படி: ஆண்டைப் பிடியுங்கள்

எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமல் வரைபடத்தைத் திறக்க வேண்டாம். நான் 1066-ஐ எடுத்துக்கொண்டேன். அந்த ஆண்டில் பாரி நகரம் இன்னும் பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசு) கையில் இருக்கிறது, விழப்போவது 1071-இல். பலெர்மோ முஸ்லிம் ஆட்சியில் இருக்கிறது, வடக்கு பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் நுழைவது 1072 ஜனவரியில். சலெர்னோவில் லங்கோபார்டு வம்சத்து இரண்டாம் கிசுல்ஃபோ ஆள்கிறார். மிலான் நகரம் பதாரியா என்ற திருச்சபைச் சீர்திருத்த இயக்கத்தால் கொந்தளித்துக்கொண்டிருக்கிறது. பின்னாளில் தஸ்கனியை ஆளப்போகும் மத்தில்தாவுக்குச் சுமார் இருபது வயது.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இத்தாலி என்றதும் நகரக் குடியரசுகள் நினைவுக்கு வரும், உடனே எல்லா ஊருக்கும் அந்தக் குணத்தைக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் கான்சல்கள் (நகரத்தார் தேர்ந்தெடுத்த ஆட்சியாளர்கள்) ஆளும் நகர அமைப்பு பீசாவில் 1080-களில்தான் தெரிகிறது. ஃபிளாரன்ஸில் கான்சல்கள் பற்றிய முதல் குறிப்பு 1138-ஐச் சேர்ந்தது. ஆக 1066-இல் அது விதை மட்டும்தான். விளையாடுபவர் அதை வளர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே மரமாக நட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: எங்கே பிரிப்பது, எங்கே நிறுத்துவது

இன்றைய இத்தாலியின் 20 மாநிலங்களை அப்படியே கல்ச்சர்களாக மாற்றுவது எளிது, ஆனால் தவறு. அவை நிர்வாகக் கோடுகள். பெயர்களே ஏமாற்றும். வடக்கே இருக்கும் லொம்பார்டிக்கு லங்கோபார்டுகளால் அந்தப் பெயர் வந்தது. ஆனால் பைசாந்தியர்கள் 'லொங்கோபார்தியா' என்று அழைத்த மாகாணம் தெற்கே, பூலியா பக்கம். ரொமான்யாவுக்கு அந்தப் பெயர் வந்தது, 751 வரை ராவென்னா கிழக்கு ரோமப் பேரரசோடு இருந்ததால்.

நான் ஒவ்வொரு வட்டாரத்திடமும் நான்கு கேள்வி கேட்டேன். என்ன பேசினார்கள்? எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார்கள்? பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? வணிகத்துக்கும் பாதுகாப்புக்கும் எந்தப் பக்கம் பார்த்தார்கள்? இவற்றில் குறைந்தது இரண்டு கேள்விக்குப் பதில் பக்கத்து வட்டாரத்திலிருந்து மாறியிருக்க வேண்டும். அதோடு அந்த மாற்றம் விளையாடுபவரின் முடிவுகளையும் மாற்ற வேண்டும். இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் தனிக் கல்ச்சர்.

மொழிக் கேள்விக்கு ஒரு நல்ல கோடு இருக்கிறது. மேற்கே லா ஸ்பெஸியாவிலிருந்து கிழக்கே ரிமினி வரை மொழியியலாளர்கள் இழுக்கும் கோடு அது. அதற்கு வடக்கே உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் வல்லினம் மெலிந்துவிடும், இரட்டை மெய் ஒற்றையாகிவிடும். தமிழில் 'பகல்' என்ற சொல்லில் க எப்படி மெலிந்து ஒலிக்கிறதோ, கிட்டத்தட்ட அதே போக்கு. கோட்டுக்குத் தெற்கே தஸ்கனியில் வல்லினமும் இரட்டை மெய்யும் உறுதியாக நின்றன.

மொழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பிரித்துக்கொண்டே போகலாம். கவிஞர் தாந்தே 1300-களின் தொடக்கத்தில் இத்தாலியில் குறைந்தது 14 பேச்சுமொழிகள் என்று எண்ணினார். பொலோன்யா நகரத்துக்குள்ளேயே ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் பேச்சு மாறுகிறது என்றும் எழுதினார். நானும் முதலில் 14 கல்ச்சர் வைத்துப் பார்த்தேன். ஆட்டம் திணறியது. வேறு கல்ச்சர் என்றாலே கருத்து மதிப்பெண் குறையும் என்பதால், ஒரு தஸ்கனிப் பிரபு பக்கத்து ஊர்ப் பிரபுவை அந்நியனாகப் பார்க்கத் தொடங்கினார். அது வரலாறும் இல்லை, ஆட்டமும் இல்லை. கடைசியில் பத்துக்கு வந்தேன்.

மூன்றாம் படி: அந்தப் பத்து

வடக்கில் எனக்கு மூன்று. மிலான், பாவியா, பியத்மோன்தே, எமிலியா எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய சமவெளிக் கல்ச்சர். ஜெனோவாவைச் சுற்றி லிகூரியா. காயல் ஓரத்து வெனிஸ் தனி. ரொமான்யாவுக்குத் தனி கொடுக்க மனம் ஏங்கியது. ஆனால் பேச்சு வடக்கோடு சேர்கிறது, 1066-இல் விளையாட்டில் பெரிய வேறுபாடும் வரவில்லை, எனவே சமவெளியோடு சேர்த்தேன். ஆட்டத்தின் இன்னொரு தொடக்க ஆண்டான 867-இல் தொடங்கும் மாட் என்றால் பிரித்திருப்பேன்.

நடுவில் தஸ்கனி ஒன்று, ரோமும் ஸ்போலேத்தோவும் சேர்ந்து இன்னொன்று. பீசாவைத் தனியாக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. பீசா பெரிய கடல் நகரம்தான். 1015, 1016-இல் ஜெனோவாவோடு சேர்ந்து முஸ்லிம் ஆட்சியாளர் முஜாஹிதை சார்டீனியாவிலிருந்து துரத்தியது, 1060-களின் தொடக்கத்தில் பலெர்மோ துறைமுகத்தைத் தாக்கி, அந்தக் கொள்ளைப் பணத்தில் தன் பேராலயத்தைத் தொடங்கியது. ஆனால் பேச்சும் பெயரும் தஸ்கனிதான். கடல் வணிகம் அந்த ஊரின் தொழில். தொழிலைக் கட்டடங்களிலும் முடிவுகளிலும் காட்டுங்கள், கல்ச்சரில் வேண்டாம்.

தெற்குதான் இந்த மாடின் உயிர். பெனவெந்தோ, காப்புவா, சலெர்னோ மூன்றும் தென் லங்கோபார்டு. 774-இல் ஃபிராங்கு அரசர் சார்லமேன் பாவியாவைப் பிடித்தபோது வடக்கு ராஜ்யம் முடிந்தது, பெனவெந்தோ தப்பித்துக்கொண்டது. அதன் டியூக் (கோமகன்) இரண்டாம் அரெகீசி தன்னை இளவரசர் என்று அழைத்துக்கொண்டார். அப்புறம் 849-இல் சலெர்னோ பிரிந்தது. இவர்களைச் சமவெளி லொம்பார்டிகளோடு சேர்த்துவிடாதீர்கள். முந்நூறு ஆண்டு தனி வழி நடந்தவர்கள்.

அவர்களுக்கு மேற்கே கடலோரத்தில் நேப்பிள்ஸ், அமால்ஃபி, காயேத்தா. லங்கோபார்டுகளிடம் சில காலம் வீழ்ந்தாலும் நிலையாகப் பணியாத ஊர்கள். பெயரளவில் கான்ஸ்டான்டினோபிளின் குடிகள், நடப்பில் தனிக்காட்டு ராஜாக்கள். அமால்ஃபிக்காரர்களுக்குக் கான்ஸ்டான்டினோபிளில் சொந்தக் குடியிருப்பே இருந்தது. தங்கள் பேராலயத்துக்கு வெண்கலக் கதவை அங்கேதான் செய்யச் சொன்னார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் சலெர்னோவோடு இவர்களுக்கு இருந்த வேறுபாடு நான்கு கேள்வியில் மூன்றில் தெரியும். தனிக் கல்ச்சர் கொடுக்க நான் துளியும் தயங்கவில்லை.

கலாப்ரியாவின் தெற்கிலும் சலெந்தோவிலும் சிசிலியின் வடகிழக்கிலும் கிரேக்கம் பேசியவர்கள் ஒரு கல்ச்சர். சலெந்தோவின் சில கிராமங்களில் கிரீகோ என்ற கிரேக்கப் பேச்சு இன்றும் இருக்கிறது. சிசிலியின் மேற்கிலும் தெற்கிலும் சிசிலி அரபுக் கல்ச்சர். கடைசியாக சார்டீனியா.

பத்து ஆகிவிட்டது. நார்மன்கள் எங்கே? மாவட்டங்களில் இல்லை, பாத்திரங்களில் மட்டும். மெல்ஃபியிலும் காப்புவாவிலும் 1066-இல் ஆள்பவர்கள் நார்மன்கள், ஆளப்படுபவர்கள் அல்லர். இந்த இடைவெளிதான் நார்மன் ஆட்டத்தின் சவாலே. அந்தக் கவுண்டிகளுக்கு நார்மன் வண்ணம் பூசினால் அந்தச் சவாலை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

நான்காம் படி: கோப்புகள்

2022 பிப்ரவரியில் ராயல் கோர்ட் என்ற விரிவாக்கம் வந்தபோது ஆட்டத்தின் கல்ச்சர் அமைப்பே மாறியது. அதற்கு முந்தைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்தால் எதுவும் ஏறாது. அது ஒவ்வொரு கல்ச்சருக்கும் நான்கு தூண்களைக் கொண்டுவந்தது: எத்தோஸ் (அடிப்படைக் குணம்), ஹெரிடேஜ் (வழிமரபு), லாங்குவேஜ் (மொழி), மார்ஷியல் கஸ்டம் (யார் போரிடலாம் என்ற வழக்கம்). அவற்றின்மேல் டிரெடிஷன்கள் (சிறப்பு வழக்கங்கள்), நேம் லிஸ்ட் (பெயர்ப் பட்டியல்), பிறகு உடை, கட்டடம், படை, சின்னம், முகச்சாயல் ஆகியவற்றின் தோற்றக் குறிப்புகள்.

லாஞ்சரில் புது மாட் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதற்குள் 'காமன்' கோப்புறையில் 'கல்ச்சர்', அதற்குள் 'கல்ச்சர்ஸ்', 'பில்லர்ஸ்', 'டிரெடிஷன்ஸ்', 'நேம் லிஸ்ட்ஸ்' என்ற உட்கோப்புறைகள். மூல ஆட்டத்தில் என்ன அமைப்போ அதே அமைப்பு. உங்கள் கோப்புக்கு மூலக் கோப்பின் பெயரையே வைத்தால் மூலக் கோப்பு முழுதும் போய் உங்களுடையது மட்டும் நிற்கும். வேறு பெயர் வைத்தால் இரண்டும் சேர்ந்து படிக்கப்படும். புதிய கல்ச்சர்களுக்கு எப்போதும் வேறு பெயர்தான் நல்லது. ஆட்டத்தில் புதுப் பதிப்பு வரும்போது தலைவலி குறையும்.

ஹெரிடேஜை யோசித்து வையுங்கள். ஒரே ஹெரிடேஜும் ஒரே மொழியும் இருந்தால் இரண்டு கல்ச்சர்களுக்கு இடையே ஏற்புத்தன்மையின் அடிமட்டம் உயரும். நான் ஏழு கல்ச்சர்களை லத்தீன் ஹெரிடேஜில் வைத்தேன். சார்டீனியாவும் லத்தீன்தான், ஆனால் அதற்குத் தனி லாங்குவேஜ் தூண் எழுதினேன். தெற்குக் கிரேக்கர்களுக்குப் பைசாந்திய ஹெரிடேஜ், சிசிலி அரபுக்கு அரபு ஹெரிடேஜ். வடக்குக்கு ஒரு மொழி, நடுவுக்கும் தெற்குக்கும் ஒரு மொழி என்று இரண்டு புதிய தூண். முன்பு சொன்ன மொழிக்கோடு இங்கேதான் பயன்பட்டது.

டிரெடிஷன்களை அள்ளிப் போட வேண்டாம். வெனிஸுக்கு மாரிடைம் மெர்கண்டிலிசம் (கடல் வணிகம்) பொருந்தும். சமவெளிக்கு சிட்டி கீப்பர்ஸ் (நகரம் பேணுவோர்). சார்டீனியாவுக்குப் பாஸ்டோரலிஸ்ட்ஸ் (மேய்ச்சல்காரர்கள்). இவை மூல ஆட்டத்திலேயே இருப்பவை, எடுத்துப் போட்டால் போதும். புதிதாக ஒன்றே ஒன்று எழுதினேன், அது 'லங்கோபார்டுச் சட்டம்'.

அதற்கு அடிப்படை, 643-இல் ரொத்தாரி அரசர் எழுதவைத்த சட்டத் தொகுப்பு. கொலைக்குக் கொலை என்று குடும்பங்கள் அடித்துக்கொள்வதை நிறுத்த, ஒவ்வொரு உயிருக்கும் காயத்துக்கும் ஈட்டுத்தொகை குறித்திருந்தது. நானூறு ஆண்டு கழித்தும் இத்தாலியச் சாசனங்களில் "நான் என் குலத்தின்படி லங்கோபார்டுச் சட்டத்தில் வாழ்கிறேன்" என்று ஆட்கள் தங்களை அறிவித்துக்கொண்டார்கள். மாடில் இதை இப்படிக் கொண்டுவந்தேன்: அந்த டிரெடிஷனுக்கு ஒரு பாராமீட்டர் வைத்து, நெருங்கிய உறவினர் கொல்லப்பட்டால் ஒரு நிகழ்வு வரும்படி செய்தேன். பழி வாங்கலாம், அல்லது கொன்றவரிடம் தங்கம் வாங்கிக்கொண்டு பகையை முடிக்கலாம். தென் லங்கோபார்டு ஆட்டத்தின் சுவையே இந்த ஒரு நிகழ்வில் மாறிவிட்டது.

ஐந்தாம் படி: பெயர்கள்

என் கருத்தில் மொத்த உழைப்பில் பாதி இங்கே போக வேண்டும். எத்தோஸை விளையாடுபவர் ஒருமுறை பார்ப்பார். பெயரை ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் பார்ப்பார்.

தென் லங்கோபார்டுக்கு பந்தொல்ஃபோ, லந்தொல்ஃபோ, அதெனொல்ஃபோ, குவாய்மாரியோ, கிசுல்ஃபோ. பெண்களுக்கு சிகெல்காய்தா, காய்தெல்க்ரீமா. நேப்பிள்ஸ் கடலோரத்துக்கு செர்ஜியோ, மரீனோ, ஜொவான்னி, மன்ஸோனே, பந்தலெயோனே. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இருபது மைல் தூரத்தில் இரண்டு உலகம் இருந்தது புரியும். தஸ்கனிக்கு உகோ, குயிதோ, ரனியேரி, இல்தெப்ராந்தோ. வெனிஸுக்கு ஓர்ஸோ, தொமேனிகோ, வித்தாலே, பியெத்ரோ. குடும்பப் பெயர்களாக கொந்தாரீனி, ஓர்ஸெயோலோ, கந்தியானோ.

மறுமலர்ச்சிக் காலப் பெயர்களை அள்ளிப் போடாதீர்கள். பிரான்செஸ்கோ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அசிசியின் பிரான்சிஸ் பிறந்ததே 1181 அல்லது 1182-இல். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜொவான்னி. அவர் புகழால்தான் அந்தப் பெயர் ஊரெங்கும் பரவியது. 1066 பட்டியலில் அதற்கு இடமில்லை.

நேம் லிஸ்ட் கோப்பில் தந்தைவழித் தாத்தா பெயர், தந்தை பெயர் வைப்பதற்கு விழுக்காடு கொடுக்கலாம். நம் ஊரில் பேரன் என்ற சொல்லே தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்ற எண்ணத்தில்தானே நிற்கிறது. சலெர்னோ வம்சத்தில் குவாய்மாரியோவும் கிசுல்ஃபோவும் மாறிமாறி வருவதைப் பார்த்தால் அதே மனம் தெரியும். தென் லங்கோபார்டுக்குத் தாத்தா விழுக்காட்டை நன்றாக ஏற்றிவிடுங்கள்.

சார்டீனியாவில் இன்னும் ஒரு படி மேலே. தீவு கல்யாரி, அர்போரேயா, தோர்ரெஸ், கல்லூரா என நான்காகப் பிரிந்திருந்தது. ஆள்பவருக்கு வழக்கமான பட்டம் நீதிபதி. கல்யாரியின் நீதிபதிகள் இயற்பெயர் எதுவானாலும் பட்டத்துக்கு வரும்போது ஒருவர் தொர்கித்தோரியோ, அடுத்தவர் சலூஸியோ, மறுபடி தொர்கித்தோரியோ என்று மாறிமாறிப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். இதை ஆட்டத்தில் செய்ய முடியும். பட்டம் கைமாறும்போது இயங்கும் ஆன் ஆக்‌ஷனில் ஒரு சிறு நிகழ்வைத் தொங்கவிடுங்கள். பட்டத்தின்மேல் ஒரு வேரியபிள் வைத்து, கடைசியாக வந்த பெயர் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு மற்றப் பெயரை மாற்றிக் கொடுங்கள். பத்துப் பதினைந்து வரி வேலை. நீதிபதி, தோஜே (வெனிஸின் ஆட்சித் தலைவர்) போன்ற பட்டச் சொற்களுக்கு 'ஃபிளேவரைசேஷன்' கோப்புறை இருக்கிறது.

ஆறாம் படி: வரைபடம்

'ஹிஸ்டரி' கோப்புறைக்குள் 'பிராவின்சஸ்' கோப்புகளில் கவுண்டியின் தலைமை பேரனிக்கு (அதன் உட்பிரிவுகளில் முதன்மையானதற்கு) கல்ச்சரையும் மதத்தையும் எழுத வேண்டும். தேதி போட்டு மாற்றங்களும் எழுதலாம். ஆனால் ஒன்று: நீங்கள் 1090 என்று தேதி போட்டு எழுதியது 1066-இல் தொடங்கிய ஆட்டத்தில் நடக்காது. அந்தத் தேதிகள் எந்த ஆண்டில் ஆட்டம் தொடங்குகிறதோ அந்த நிலையைக் கணக்கிட மட்டுமே.

சிசிலியில் இது முக்கியம். நார்மன் ஆட்சி வந்த பின் பியத்மோன்தே, லிகூரியா பக்கத்திலிருந்து ஆட்கள் குடியேறினார்கள். பியாட்ஸா அர்மெரீனா, நிக்கோஸியா, சான் ஃபிராத்தெல்லோ ஊர்களில் வடக்கத்திப் பேச்சு இன்னும் கேட்கிறது. இதை ஒரு முடிவாக எழுதுங்கள்: லத்தீன் ஹெரிடேஜ் ஆட்சியாளர் தீவை முழுதாகப் பிடித்தால், தங்கம் செலவழித்து உள்நாட்டுக் கவுண்டி ஒன்றில் வடக்கத்தியரைக் குடியேற்றலாம்.

தொடக்கத்தில் வடகிழக்குக் கவுண்டிகளுக்குக் கிரேக்கக் கல்ச்சரும் கிழக்குத் திருச்சபை மதமும், மேற்குக்கு அரபும் இஸ்லாமும். பலெர்மோ போன்ற கலப்பு நகரை ஒரே வண்ணத்தில் காட்ட மனம் வராது. அங்கே 1149-இல் கிரிஸாந்தோ என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக வைத்த கல் ஒன்று இருக்கிறது. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என்று நான்கிலும் ஒரே செய்தி. ஆண்டைக்கூட ஒவ்வொன்றும் அதனதன் கணக்கில் சொல்கிறது. கவுண்டி அரபாக இருக்கட்டும், அரசவையில் கிரேக்க, யூதப் பாத்திரங்களை எழுதி வையுங்கள். அந்தக் கல்லுக்கு ஆட்டத்தில் நாம் தரக்கூடிய நெருங்கிய வடிவம் அதுதான்.

ஏழாம் படி: ஓட்டிப் பார்ப்பது

ஸ்டீமில் தொடக்க விருப்பத்தில் டீபக் மோடைச் (பிழை தேடும் முறை) சேர்த்து ஆட்டத்தைத் திறவுங்கள். ஆவணக் கோப்புறையில் 'லாக்ஸ்' என்பதற்குள் இருக்கும் எரர் லாகை ஒவ்வொரு முறையும் படியுங்கள். கல்ச்சர் பெயருக்குப் பதில் அடிக்கோடு போட்ட சொல் திரையில் தெரிந்தால் லோக்கலைசேஷன் கோப்பில் (திரையில் தெரியும் சொற்களை வைத்திருக்கும் கோப்பு) கோளாறு. பெரும்பாலும் கோப்பை பாம் (BOM) என்ற தொடக்கக் குறியோடு கூடிய யூடிஎஃப் 8 (UTF-8) எழுத்து வடிவில் சேமிக்காமல் விட்டிருப்பீர்கள். என் மாடில் ஒருமுறை சிகெல்காய்தாக்கள் எல்லாம் பெயரில்லாமல் நின்றதற்கும் அதுதான் காரணம்.

அப்புறம், ஆட்டத்தை அப்சர்வர் முறையில் நூறு ஆண்டு தானாக ஓடவிடுங்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, புதுமைகள். கல்ச்சரின் கவுண்டிகளுக்குச் சராசரி வளர்ச்சி எவ்வளவோ அதைப் பொறுத்துத்தான் கண்டுபிடிப்பு வேகம். நாலைந்து பணக்காரக் கவுண்டி மட்டும் உள்ள வெனிஸ் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடும், சார்டீனியா பின்தங்கும். ஓரளவு சரிதான், ஆனால் வெனிஸ் 1150-க்குள் அந்தக் காலத்துப் புதுமைகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் வளர்ச்சி எண்ணைக் குறையுங்கள். இரண்டாவது, தென் லங்கோபார்டு. நான் ஓட்டியவற்றில் பாதியில் 1100-க்குள் அந்தக் கல்ச்சருக்கு ஓர் ஆட்சியாளர்கூட மிஞ்சவில்லை. வரலாற்றிலும் சலெர்னோ 1077-க்குள் நார்மன் தலைவர் ராபர்ட் கிஸ்கார்டிடம் விழுந்துவிட்டது. அதைத் தடுக்க நான் எந்த எண்ணையும் ஏற்றவில்லை. கிசுல்ஃபோவின் சகோதரி சிகெல்காய்தா கிஸ்கார்டை மணந்திருப்பதை மட்டும் தொடக்கத்தில் சரியாக எழுதி வைத்தேன். சலெர்னோவை மீட்க நினைக்கும் ஆட்டக்காரருக்கு அந்தத் திருமணம் ஒரு கதவு.